ஏசி மெக்கானிக்கை வீட்டில் வைத்திருப்பது

எங்கள் படுக்கையறைச் சுவரில் ஏசி இருக்கிறது என்றுதான் வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இருப்பது அதன் முன்பக்க மூடி. உள்ளே இருந்ததையெல்லாம் என் கணவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போய் ஊரார் வீடுகளில் மாட்டிவிட்டார். போர்டு ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனது. காற்றாடி மோட்டார் ஒரு தையல் கடைக்குப் போனது. கம்ப்ரஸர் யாரோ ஒரு புதுமாப்பிள்ளை வீட்டில் ஓடுவதாகக் கேள்வி. ஒவ்வொரு தடவையும், "அவசரத்துக்கு எடுத்துக்கிறேன், அடுத்த வாரம் புதுசு மாட்டிடுறேன்" என்பார். மூடியை மட்டும் யாரும் கேட்கவில்லை, அதனால் எங்களுக்கு மிஞ்சியது. உறவுக்காரர்கள் வந்தால் நேராக அதன் கீழே போய் உட்கார்ந்துகொண்டு ரிமோட் எங்கே என்பார்கள்.

ஊரில் இவருக்குக் கூலிங் என்று பெயர். போன் எடுத்தால், "கூலிங் சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கூலிங் சார் வீட்டில் கூலிங் இல்லை என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெயில் காலத்தில் சொன்னால் காதில் வாங்க நேரம் இருக்காது. மழைக் காலத்தில் சொன்னால், இப்போது எதற்கு என்பார்.

இந்த வருஷ வெயிலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர் என்று ஒன்று குழாயில் வருவது நின்றுபோனது. கதவுக் கைப்பிடியைத் துணி வைத்துப் பிடித்தோம். வானிலை வாசிக்கிற பெண், "நாளையும் இதே நிலை நீடிக்கும்" என்று சொல்லும்போது, அவள்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். ஊரிலிருந்த ஏசிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. இவர் ஒவ்வொரு மொட்டைமாடியாக ஏறி எழுப்பிவிட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு பெரிய மளிகைக் கடையின் மாடியில் இவரும் படுத்துவிட்டார்.

தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் போட்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்த் தொட்டால் உடம்பு அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி இருந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் டாக்டரைப் பார்த்து, "கேஸ் குறைஞ்சிருக்கு சார், மூடி வைங்க, சாயங்காலம் வந்து ஏத்திடுறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரித்தால் நர்ஸ் என்ன நினைப்பாளோ என்று அழுதேன். பிறகு அதை நிறுத்த முடியவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், தூங்கியே பல நாளாகியிருக்கும் போலிருந்தது.

"உடம்பு இன்னும் பழைய நிலைக்கு வரலம்மா. கொஞ்ச நாளைக்கு இவருக்குச் சூடே ஆகாது. வெயில் படவே கூடாது. வீட்டைக் குளிர்ச்சியா வச்சுக்கோங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, இங்க தூக்கிட்டு வர வேண்டிய அவசியம் இருக்காது."

ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துத் தலையாட்டினேன். படி இறங்கும்போதுதான் புரிந்தது. இவர் பின்னாலிருந்து, "கிளினிக் ஏசியில சத்தம் சரியில்ல, கவனிச்சியா?" என்றார்.

புது ஏசி வாங்கிவிடலாம் என்று கடை கடையாகப் போன் போட்டேன். எந்தக் கடையிலும் சரக்கு இல்லை. பெயரை எழுதி வைக்கிறோம் என்றார்கள். கூலிங் சார் வீடு என்று சொல்லிப் பார்த்தேன். "நல்லவேளை கூப்பிட்டீங்க, சார் கிட்ட ஸ்பேர் ஏதாவது இருக்கா?" என்று என்னையே கேட்டார் ஒருவர்.

கீழ்வீட்டு டீச்சர் வீட்டில் ஏசி இருக்கிறது, இவர் மாட்டியதுதான். அதன் வெளி யூனிட்டை எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டியிருக்கிறார். டீச்சருக்குக் குளிர, அந்த வீட்டுச் சூடு முழுக்க எங்களுக்கு வரும். "ஏங்க இங்க மாட்டினீங்க?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "பைப்பு நீளம் குறையும்" என்றார். சரி, நம் ஜன்னலுக்கு வருகிற சூட்டின் குளிர்ந்த பக்கம் அங்கேதானே இருக்கிறது என்று, டீச்சரிடம் பேசி ஒரு மத்தியானம் அவர் வீட்டு ஹாலில் இவரைப் படுக்கவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இவர் நாற்காலி மேல் நிற்கிறார். ஏசி தரையில் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. டீச்சர் கையில் ஒரு ஸ்க்ரூவைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு திகைத்துப்போய் நிற்கிறார்.

"சும்மா படுத்திருந்தேன், உள்ள ஒரு கரகரப்பு கேட்டுச்சு" என்றார் இவர்.

"சார் பூரணமா குணமாகட்டும், அப்புறம் வரட்டும்" என்றார் டீச்சர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இதெல்லாம் நடந்த பிறகு தன் வெளி யூனிட்டின் காற்றைத் திருப்பிவிட ஒரு தகரம் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார்.

ஆக, எனக்கு ஒன்று தெளிவானது. ஏசி இருக்கிற இடத்தில் இந்த மனிதர் படுக்கமாட்டார். ஏசியே இல்லாத இடத்தில்தான் இவரைக் கட்டிப்போட முடியும். அப்படி ஒரு இடத்தை இந்த ஊரில் தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நாங்கள் இருப்பது மேல்மாடி, தலைக்கு மேலே மொட்டைமாடிதான். விடிவதற்குள் ஏறி மாடித் தரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். அதன்மேல் சாக்குகளை விரித்து நனைத்தேன். சமையலை வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு அடுப்பைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எதற்குப் பஞ்சமிருந்தாலும் ஏசி வந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பிரித்து, உள்ளே வருகிற தெர்மாகோலையும் சேர்த்து ஒட்டி, ஜன்னல்களுக்கு அளவெடுத்து வெட்டினேன். உள்பக்கம் மாட்டப் போனபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"வெளிப்பக்கம் மாட்டு. வெயிலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிறுத்தணும். உள்ள வந்தப்புறம் மறைச்சு என்ன பிரயோஜனம்?"

வெளிப்பக்கம் மாட்டினேன். தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு இன்னும் பிரிக்காத சரக்கு மாதிரி இருந்தது. அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்த அட்டை ஒன்று தலைகீழாக அமைந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் நின்று தலையைச் சாய்த்துப் படித்துவிட்டுப் போனார்கள்.

காலையில் வெளியே உள்ளேயைவிடச் சூடாகத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சாத்திவிடுவேன். சாயங்காலம் வெளியே குளிர்ந்ததும் ஒன்று விடாமல் திறப்பேன். டிவி கிடையாது. பல்பு கிடையாது. நனைத்த துண்டைக் கொடியில் கட்டி அதற்குப் பின்னால் மேஜை மின்விசிறியை வைத்தேன். இவர் காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடித்தபடி, என் வேலையை மேற்பார்வை பார்த்தார். பையிலிருந்து காற்றின் சூட்டை அளக்கிற மீட்டரை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"நீ ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கிறப்பவும் முள்ளு ஏறுது."

"உங்களுக்குச் சோறு கொண்டு வரத்தாங்க திறக்கிறேன்."

"மொத்தமா கொண்டு வந்திடலாம்ல."

நான் அந்த மீட்டரின் முனையைப் பிடுங்கி அவர் அக்குளில் வைத்தேன். ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போய்வந்த மீட்டர் அது, இருந்தாலும் சரியாகத்தான் காட்டியது. நன்றாகத்தான் இருந்தார். எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பெருமையாக இருந்தது. வெளியே காக்கை கூடப் பறக்காத மத்தியானத்தில் எங்கள் அறையில் ஒரு மனிதன் சட்டை போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

தூங்காத நேரத்தில் போன் அடித்தது. அதை நான் பறிமுதல் செய்து என்னிடமே வைத்திருந்தேன்.

"கூலிங் சார் இருக்காரா?"

"வெளியூர் போயிருக்காருங்க."

"எப்ப வருவார்?"

"சொல்ல முடியாதுங்க, ரொம்பத் தூரம்."

அப்போது ரொம்பத் தூரத்திலிருந்து, அதாவது பக்கத்து அறையிலிருந்து, "ஃபில்டரைக் கழட்டிக் கழுவிப் பாக்கச் சொல்லு!" என்று ஒரு குரல் கேட்கும். அது அந்தப் பக்கமும் கேட்டுவிடும். பிறகு, "சரிங்க, கழுவிப் பாக்கிறேன்" என்று வைத்துவிடுவார்கள். வெயில் மனிதர்களை எதையும் கேள்வி கேட்காதவர்களாக ஆக்கிவிட்டிருந்தது.

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, கிளினிக்கிலிருந்து நர்ஸ் கூப்பிடும் வரைக்கும்.

"அக்கா, கூலிங் சார் இருக்காரா?"

"ஏம்மா, அவர் எங்க இருக்கணும்னு சொல்லி அனுப்பினதே நீங்கதானே?"

"தெரியும்க்கா. எனக்கே வாய் வரல. டாக்டருக்குத் தெரியாமத்தான் கூப்பிடுறேன். இங்க ஏசி நின்னுடுச்சு. வெயில்ல விழுந்தவங்க எல்லாக் கட்டில்லயும் படுத்திருக்காங்க. ஐஸ் வச்ச கையோட கரையுது. ஊர்ல இருக்கிற எல்லா மெக்கானிக்குக்கும் போட்டுட்டேன், ஒருத்தரும் எடுக்கல."

நான் பதில் சொல்லுமுன் இவர் வாளியிலிருந்து காலை எடுத்துவிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் தப்பு. போனை என் கையிலிருந்து வாங்கி, "மாடிக்குப் போம்மா, வெளி யூனிட் பக்கத்துல போனைக் காட்டு" என்றார். அவள் ஓடினாள். சற்று நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. 'உம்ம்ம்' என்று ஏதோ எழுந்திருக்க முயற்சி செய்தது. பிறகு 'டக்' என்று விட்டுவிட்டது.

"கெப்பாசிட்டர். மோட்டாரைக் கிளப்பிவிடுற சாமான் போயிடுச்சு" என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்னைப் பெண் பார்த்த அன்று கூட அதில் பாதி இல்லை. "பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிக்கொண்டே பேண்ட்டைத் தேடினார்.

நான் பேண்ட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திரு. நான் படுத்திருந்த கட்டில்ல இப்ப யாரோ படுத்திருக்காங்க."

"டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?"

"அந்த டாக்டருக்குத்தான் ஏசி ஓடல."

அந்தக் கட்டில்களை நானும் பார்த்திருக்கிறேன். இவர் கழுத்தில் ஐஸ் வைத்த கை அந்த நர்ஸுடைய கைதான். போகாமல் இருக்க முடியாது, இவரை விடவும் முடியாது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

"நான் போறேன்" என்றேன்.

"நீயா? உனக்கு என்ன தெரியும்?"

"கல்யாணமானதுலேர்ந்து சாப்பிட உக்காந்தா வேற எதைப் பத்தியாவது பேசியிருக்கீங்களா? இங்க பாருங்க, நீங்க போனா நான் விதவை. நான் போனா வெறும் முட்டாள். முட்டாளா இருக்கிறது எனக்குப் பழக்கம்தான்."

அவர் பேண்ட்டை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு பையைத் திறந்தார். ஸ்க்ரூடிரைவர், நோஸ் பிளேயர், ரப்பர் கையுறை, டப்பாவிலிருந்து ஒரு புதுக் கெப்பாசிட்டர். ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மெயினை அணைக்காமல் மூடியைத் தொடக்கூடாது. அணைத்த பிறகும் பழைய கெப்பாசிட்டருக்குள் கரண்ட் இருக்கும், பிடி பிளாஸ்டிக்காக உள்ள ஸ்க்ரூடிரைவரை வைத்து அதைக் கொல்ல வேண்டும். அப்புறம் முக்கியமானது ஒன்று.

"எல்லா ஒயரையும் ஒட்டுக்கா கழட்டிடாத. புதுசைப் பக்கத்துல வச்சுக்கோ. பழசுல ஒண்ணைக் கழட்டு, அதைப் புதுசுல அதே இடத்துல மாட்டு, அப்புறம்தான் அடுத்ததைத் தொடணும். நடுவுல என்ன ஆனாலும் சரி."

"நீங்க இந்தக் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. நடுவுல என்ன ஆனாலும் சரி."

"சரி" என்றார். அவருடைய போனை அவரிடமே கொடுத்துவிட்டு, என் போனில் அவரைக் கூப்பிட்டுக் காதில் வைத்துக்கொண்டே கிளம்பினேன்.

தெருமுனை வரைக்கும்தான் நடை. இருந்தாலும் நடந்து முடிப்பதற்குள் செருப்பின் அடி இளகிவிட்டது மாதிரி இருந்தது. கிளினிக் மொட்டைமாடிக் கதவைத் திறந்ததும் நான் ஒரு அடி பின்னால் வந்தேன். அது காற்றில்லை. முகத்தில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. தரை வெள்ளையாக எரிந்தது. பக்கத்துக் கடைகளுடைய நான்கைந்து யூனிட்டுகள் வரிசையாக நின்று தங்கள் பங்குக்கு ஊதிக்கொண்டிருந்தன, கிளினிக்குடையது மட்டும் சும்மா நின்றது. இந்த மாதிரி இடத்தில் இந்த மனிதர் தினமும் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது, "அதைத் தனியா ஊற வைங்க, நாறுது" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"தண்ணி குடிச்சியா?" என்றது போன்.

"இப்பத்தானே வந்தேன்."

"குடி."

குடித்தேன். மெயினை அணைத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு யூனிட்டின் நிழலில் வைத்துவிட்டு, பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். உலோகம் கையுறைக்குள்ளேயும் சுட்டது. கழற்றிய ஸ்க்ரூவைக் கீழே வைத்தால் உருண்டுபோகும் என்று வாயில் வைத்துக்கொண்டேன். டீச்சர் அன்றைக்கு ஸ்க்ரூவை ஏன் அப்படிப் பிடித்திருந்தார் என்று அப்போது புரிந்தது.

"கழட்டிட்டியா?" என்றார் அவர்.

வாயில் ஸ்க்ரூ, கையில் கனமான மூடி. பதில் சொல்லவில்லை.

"ஏம்மா... இருக்கியா?"

மூடியை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏய்!"

இறக்கி வைத்து, ஸ்க்ரூக்களைத் துப்பிவிட்டு, "இருக்கேன், இருக்கேன்" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ உருளுகிற சத்தமும் கதவுச் சத்தமும் கேட்டன. பிறகு, "ம், சரி, கெப்பாசிட்டர் தெரியுதா? வெள்ளி டப்பா மாதிரி இருக்கும்" என்றார்.

தெரிந்தது. மேல்பக்கம் உப்பி, அஜீரணம் பிடித்தது போல இருந்தது. சொன்னபடி ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்தேன். 'படார்' என்று ஒரு பொறி. நான் போட்ட சத்தத்தில் கீழே நர்ஸ் கூட எட்டிப்பார்த்தாள்.

"செத்துச்சா?" என்றார்.

"யாரு?"

"கெப்பாசிட்டர்."

"அது செத்துச்சு. நான் இருக்கேன்."

"நல்லது. முதல் ஒயரைக் கழட்டு."

கழற்றி மாட்டினேன். அப்போது போனில் ஒரு 'பாம் பாம்' கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"ஃபேன்."

"ஃபேன் ஹார்ன் அடிக்குமா?"

"பேரிங் போயிருக்கும்" என்றார் அவர், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி.

நான் எழுந்து கைப்பிடிச் சுவர் வழியாகத் தெருவைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் பாதி வழியில், என்னுடைய பூப்போட்ட குடை ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழே கட்டில் விரிப்பை நனைத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு மனிதர். விரிப்பின் ஓரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் விழுந்த இடத்திலேயே காய்ந்தது. ஹார்ன் அடித்த வண்டி போய்விட்ட பிறகு அந்தத் தெருவில் வேறு ஒரு உயிர் இல்லை.

"எங்க இருக்கீங்க?"

"கட்டில்லதான்" என்றது போன். குடை ஒரு வாசல் நிழலில் நின்றது.

"உங்களை நான் பாத்துட்டிருக்கேன்!"

குடை மேலே திரும்பியது. அவர் கையை ஆட்ட முயன்றார். பிறகு அந்த வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். விரிப்பு ஒரு பக்கம் சரிந்தது.

"எழுந்திரிங்க. வீட்டுக்குத் திரும்பாதீங்க, இங்க வாங்க, இதுதான் கிட்ட. எழுந்திரிங்க!"

போனில் அவர் குரல் மிகவும் மரியாதையாக வந்தது. "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். ரிமோட்டை ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க."

என்னை அவர் சார் என்றார்.

கீழே குனிந்து நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்று தெரியாது, தொண்டை இரண்டு நாள் வரை சரியாகவில்லை. அவளும் யாரோ ஒரு நோயாளியோடு வந்திருந்த தடித்த ஆள் ஒருவரும் தெருவில் ஓடுவது தெரிந்தது. நானும் ஓடத்தான் திரும்பினேன். படிக்கதவு வரை போய்விட்டேன். அப்போதுதான் உறைத்தது. அவரைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கட்டடத்துக்குள்தான் போடுவார்கள். உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. நான் கீழே போய் என்ன செய்யப்போகிறேன், பக்கத்தில் நின்று அழப்போகிறேன். அதற்கு ஏற்கெனவே ஒரு தடவை போயிருக்கிறேன்.

திரும்பி வந்து குந்தி உட்கார்ந்தேன். அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அடுத்த ஒயரைக் கழற்றினேன், மாட்டினேன். இன்னொரு தடவை திட்டினேன். கடைசி ஒயர் துருவேறி வரமாட்டேன் என்றது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளேயரை வைத்து இழுத்தேன், உள்ளங்கை உலோகத்தில் பட்டு வெந்தது, ஒயர் வந்தது. புதியதில் செருகினேன். மூடியை மாட்டவில்லை. மெயினைப் போட்டேன்.

'உம்ம்ம்' என்றது. அந்த உம்ம்ம் எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது. பிறகு காற்றாடி அசைந்து, சுற்றி, என் முகத்தில் சூட்டை அள்ளிக் கொட்டியது. அவ்வளவு சுகமான சூட்டை நான் அனுபவித்ததில்லை.

கீழே இறங்கியபோது அவரைக் கட்டிலில் போட்டு, மறுபடியும் கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்திருந்தார்கள். தலைக்கு நேர் மேலே ஏசி ஊத ஆரம்பித்திருந்தது. டாக்டர் உள்ளே வந்தார். கட்டிலில் கிடப்பவரைப் பார்த்தார், ஈர விரிப்பைப் பார்த்தார், பூப்போட்ட குடையைப் பார்த்தார்.

"இவரை யார் வெளிய விட்டது?"

நர்ஸ் தரையைப் பார்த்தாள். "நான்தான் சார்" என்றேன். என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேலையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. கடைசியில் என் கைக்கு மருந்து போடச் சொல்லிவிட்டு, "துணியை நனைச்சுப் போர்த்திக்கிட்டு வந்திருக்கார், அதுதான் காப்பாத்தியிருக்கு" என்றார்.

அவர் கண்ணைத் திறந்தபோது முதலில் மேலே பார்த்தார். சற்று நேரம் சத்தத்தைக் கவனித்தார். "நல்லா மாட்டியிருக்கே" என்றார்.

"ஏன் வந்தீங்க?" என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதால் அது சண்டை போடுகிற மாதிரிதான் வந்திருக்கும்.

"கூப்பிட்டேன், நீ பேசல."

"ஸ்க்ரூவை வாயில வச்சிருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? திரும்பக் கூப்பிட்டேன். சத்தமே இல்ல." அவர் என் கைக்கட்டைப் பார்த்தார். "அப்புறம் நீ பதில் சொல்லிட்டேதான். ஆனா அதுக்கப்புறம் அங்க உக்காந்திருக்க முடியல. ரூம் நல்லா ஜில்லுனுதான் இருந்துச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு."

கல்யாணமானதிலிருந்து அவர் வாயால் இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"எனக்கு ஒவ்வொரு வெயில் காலமும் அப்படித்தான்" என்றேன். "நீங்க ஒரு தடவை போனை எடுக்கலைன்னா, எந்த மாடியில விழுந்து கிடக்கிறீங்களோன்னு. சாயங்காலம் செருப்பு சத்தம் கேக்குற வரைக்கும். வருஷா வருஷம். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்றதில்ல."

அவர் சிரிக்கவில்லை.

அவருடைய போன் அடித்தது. ஈர விரிப்புக்குள் கிடந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எடுத்துப் பார்த்தேன், யாரோ வாடிக்கையாளர். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

"சொல்லுங்க... ம்... ம்... இல்லைங்க, இந்த மாசம் முடியாது. அதுக்கப்புறமும் வெயில் தாழ்ந்துதான் வருவேன், மத்தியானத்துல மாடி ஏறுறது இனிமே கிடையாது... அவசரம்தான், புரியுது. வீட்ல பயப்படுறாங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "ரொம்ப நாளாவே பயந்துட்டுத்தான் இருந்திருக்காங்க. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."